மூன்றாம் நம்பருக்கு யார்?

ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்கள் நான்கு பேர் கூடினால் ஆளுக்கு ஒரு விபத்து சொல்லியாக வேண்டும். விபத்து இல்லாதவனை வேலையே பார்க்காதவன்போலப் பார்ப்பார்கள். எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கும், "உங்கள் பணியில் மறக்க முடியாத விபத்தைப் பற்றி எழுதித் தாருங்கள்" என்று கடிதம் வந்திருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகளில் என் கையில் ஒரு பெட்டிகூடத் தடம் புரண்டதில்லை. ஒருமுறை ஓர் எக்ஸ்பிரஸ் பதினொரு நிமிடம் நின்றது. என்னிடம் இருப்பது அவ்வளவுதான். போன மாதம் இதைக் கேட்ட இன்றைய ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், "பதினோரு நிமிஷமா? அதையெல்லாம் நாங்க லேட்டுன்னே சொல்றதில்லைங்க சார்" என்றார். எங்கள் காலத்தில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு ஆளைக் கண்டுபிடித்து, அவன் தலையில் எழுதுவார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், செய்தேன். தேர்வில் முதலாவதாக வந்தேன். பொம்மிடியில் ஓராண்டு உதவியாளனாக இருந்துவிட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் அதே பாதையில் ஒரு சிறிய ஸ்டேஷனுக்குத் தனிப் பொறுப்பாகப் போனேன். அதைக் கரட்டூர் என்றும், சேலம் பக்கமாக அதற்கு அடுத்ததை நாகலேரி என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையான பெயர்களை எழுதினால் மலர்க்குழுவுக்குச் சங்கடம்.

கரட்டூரில் பகலில் இரண்டு பாசஞ்சர் நிற்கும். மற்றவை நிற்காமல் போகும். பச்சைக் கொடியைக் காட்டிவிட்டு உள்ளே வந்தால் அடுத்த வண்டி வரைக்கும் மனிதக் குரல் கிடையாது. தண்டவாளத்தைத் திருப்பிவிடும் என் பாயிண்ட்ஸ்மேன் சித்தேரி மலைக்காரர். நாளொன்றுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆகவே மேஜையில் இருந்த கண்ட்ரோல் போன்தான் ஊர், உறவு எல்லாம்.

கண்ட்ரோல் போன் என்பது இருபது ஸ்டேஷன்களுக்கும் பொதுவான ஒரே கம்பி. மறுமுனையில் கோட்ட அலுவலகத்தில் கண்ட்ரோலர். எந்த வண்டி எங்கே எத்தனை மணிக்குக் கடந்தது என்று நாங்கள் சொல்லச் சொல்ல, அவர் பெரிய தாளில் பென்சிலால் கோடு இழுப்பார். ஓடும் வண்டிக்குச் சாய்ந்த கோடு, நிற்கும் வண்டிக்குப் படுத்த கோடு. யார் ரிசீவரை எடுத்தாலும் மற்றவர்கள் பேசுவது கேட்கும். ஆட்களுக்குப் பெயர் கிடையாது, ஸ்டேஷன் பெயர்தான். நான் கரட்டூர். அடுத்தவர் நாகலேரி.

நாகலேரியின் உண்மைப் பெயர் அன்வர் என்பதை ஓராண்டு கழித்துத்தான் அறிந்தேன். தருமபுரி டவுனில் தகர வேலை செய்யும் குடும்பம். கல்லூரியில் படித்தபோது பாய் விரித்த கிரிக்கெட் ஆடுகளத்தில் தொடக்க ஆட்டக்காரர். எங்கள் இரண்டு ஸ்டேஷனுக்கும் இடையே ஒன்பது கிலோமீட்டர். நான்காண்டு பேசினோம். ஒருமுறையும் பார்த்ததில்லை. நான் பணியில் இருக்கும்போது அவரும் இருப்பார். ஓய்வு நாளில் அவர் வீட்டுக்குப் போவார், நான் எங்கும் போகமாட்டேன்.

கிரிக்கெட்டை ஆரம்பித்து வைத்தது கண்ட்ரோலர்தான். மேஜை இழுப்பறைக்குள் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு, டெஸ்ட் நடக்கும் நாட்களில் வண்டிக்கு நடுவே ஸ்கோர் சொல்வார். "மொரப்பூர், குட்ஸ் எப்போ போச்சு? ரைட். ரெண்டு விக்கெட் காலி." நாளடைவில் அது கமிட்டியாக வளர்ந்தது. ஒரு டெஸ்ட் முடியும் தறுவாயில், அடுத்த டெஸ்ட்டுக்கான பதினொரு பேரை நாங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்போம். கண்ட்ரோலர் அந்தப் பட்டியலை வண்டிக் கோடுகள் உள்ள அதே தாளின் ஓரத்தில் குறித்து, பணி முடியும்போது ரப்பரால் அழித்துவிடுவார். எங்கள் பட்டியலுக்கும் அசல் தேர்வாளர்களுக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நான் மட்டையைத் தொட்டதே இல்லை. என் அறிவெல்லாம் பாசஞ்சர் வண்டியில் வரும் கார்டு கொண்டுவந்து தரும் பழைய செய்தித்தாளிலிருந்து வந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரரின் ரன் எண்ணிக்கையையும் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். அன்வர் எண்ணிக்கையை மதிக்காதவர். ஓய்வு நாளில் டவுனில் டி.வி. விற்கும் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்து, கால் எங்கே போகிறது, தலை எங்கே சாய்கிறது என்று சொல்வார்.

அந்த ஆண்டு வந்திருந்த அணியில் வேகப் பந்து வீச்சாளர்கள் நான்கு பேர். எங்கள் சண்டையெல்லாம் நம் மூன்றாம் நம்பர் ஆட்டக்காரரைப் பற்றியது. ஏழு இன்னிங்ஸாக மனிதர் முப்பதைத் தாண்டவில்லை.

"எடுத்துடணும்" என்றேன் நான். "இடது கை ஆட்டக்காரப் பையன் ஒருத்தன் உள்ளூர்ல அடிச்சுக் குவிக்கிறான். நோட்டைப் பார்க்கறீங்களா?"

"உங்க நோட்டை ஆடுகளத்துல விரிச்சா பந்து எழும்புமா கரட்டூர்? அவருக்கு முன்னங்கால் ஒரு அடி ஜாஸ்தி குறுக்க போகுது. அதான் எல்.பி. ஆகறாரு. மத்தபடி மட்டை நேராத்தான் வருது. ஒரே ஒரு அடிங்க! அதுக்காகவா ஆளையே அனுப்புவாங்க?"

"ஏழு தடவை குறுக்க போன கால் எட்டாவது தடவை நேரா போகுமா?"

"போகும். ஃபார்ம் வரும், போகும். டெக்னிக் எங்கயும் போவாது. சும்மா அடிக்கறவனைக் கொண்டாந்து நிறுத்துனா ஒரு ஓவர் தாங்க மாட்டான்."

கண்ட்ரோலர் நடுவில் சிரிப்பார். "ரெண்டு பேருமே மேட்ச்சைப் பார்க்கல. ஆனா சண்டை மட்டும் அம்பயர் கணக்கா!"

ஒருநாள் என் பாயிண்ட்ஸ்மேன் கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தாளு ஓடிக்கினு இருக்காரா, நின்னுக்கினு இருக்காராங்க சார்?"

"சரியா ஆட மாட்டேங்கறாரு."

"ஆளு நல்ல ஆளுங்களா?"

"அதைத்தான் நாகலேரிக்காரர் சொல்றாரு."

"அப்பறம் எதுக்குங்க தெரத்தறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைய பத்து வார்த்தையும் தீர்ந்திருக்க வேண்டும்.

அதே சமயத்தில் எங்கள் இலாகாவிலும் ஒரு தேர்வு நடந்துகொண்டிருந்தது. தருமபுரி ஸ்டேஷனில் ஓர் இடம் காலியாகப் போகிறது. மாற்றல் கேட்டவர்களின் பட்டியலில் முதல் பெயர் அன்வர், இரண்டாவது நான். அவருடைய மனைவி இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு முதுகெலும்பில் ஏதோ கோளாறாகி, எழுந்து நடமாட முடியாமல் கிடந்தார். இரண்டு குழந்தைகளையும் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். தினமும் மாலையில் வீட்டுக்குப் போகக்கூடிய வேலை அவருக்கு வேண்டியிருந்தது. எனக்கு அதியமான்கோட்டையில் அப்பா விட்டுப்போன வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்துவைக்க ஓர் ஆள் வேண்டும் என்பதைத் தவிர எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

நான்காவது டெஸ்ட்டின் கடைசி நாள். பங்குனி வெயில். சேலம் போகும் எக்ஸ்பிரஸுக்கு அன்வரிடம் லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, கேட்டேன், கொடுத்தார். வண்டி என்னைக் கடந்ததும், "வண்டி புறப்பட்டது" என்பதற்கான மணியை அவருக்கு அடித்தேன். பதில் மணி உடனே வந்தது. அந்த மணிக்குப் பிறகு அவர் செய்ய வேண்டியவை மூன்று. சற்று முன் ஒரு குட்ஸ் வண்டியைப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுக்கியிருந்தார். முதலில் பாதையை மெயின் லைனுக்குத் திருப்ப வேண்டும். பிறகு திரும்பியதைச் சரிபார்க்க வேண்டும். கடைசியாக, வண்டி உள்ளே வரலாம் என்று சிக்னலைத் தாழ்த்த வேண்டும்.

பதில் மணி அடித்தபோது அவருடைய வலது கையில் கண்ட்ரோல் போன் இருந்தது. அடித்தது இடது கை. ஒருநாளைக்கு நாற்பது முறை அடிக்கும் மணியைக் கை தானாகவே அடித்துவிடும். மூளைக்குத் தகவல் போயிருக்காது. எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு மட்டும் இது புரியும். பழக்கமில்லாத ஆளுக்கு இந்தத் தவறு வராது.

அவர் மூளை மூன்றாம் நம்பரிடம் இருந்தது. கண்ட்ரோலர் ஓட்டு எடுத்துக்கொண்டிருந்தார். மற்ற பத்து இடங்களும் முடிந்து, மூன்றாம் இடம் மட்டும் பாக்கி. ஓட்டுகள் சரிசமமாக நின்றன. நான் என் நோட்டைத் திறந்து ஏழு இன்னிங்ஸையும் ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தேன். நான்காவது இன்னிங்ஸை வாசிக்கும்போது அன்வரின் குரலுக்குப் பின்னால் என்ஜின் ஹாரன் கேட்டது.

"குட்ஸ்காரன் கத்தறான். அவனுக்கு எப்பவும் அவசரம். நீங்க படிங்க கரட்டூர்" என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த ஒன்பது கிலோமீட்டருக்கு எக்ஸ்பிரஸுக்கு ஏழு நிமிடம் போதும். ஏழு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. அவரிடமிருந்து "வண்டி கடந்தது" மணி வரவில்லை. ஹாரன் நீளமாக, விட்டு விட்டு ஒலித்தது. சிக்னலுக்கு முன்னால் நிறுத்தப்பட்ட டிரைவர் அப்படித்தான் அடிப்பான். ஒதுங்கி நிற்கும் குட்ஸ் டிரைவர் அப்படி அடிக்கமாட்டான். இது எனக்குத் தெரியும். நான் ஐந்தாவது இன்னிங்ஸை வாசித்தேன். ஆறாவதை வாசித்தேன். ஏழாவதையும் வாசித்துவிட்டு, "இப்ப சொல்லுங்க" என்றேன்.

அப்போதுதான் அவருடைய ரிசீவர் மேஜையில் விழும் சத்தம் கேட்டது.

பதினொரு நிமிடம். அன்வர், "வெயிலில் சிக்னல் கம்பி நீண்டு தொய்ந்துவிட்டது" என்று விளக்கம் எழுதினார். கோடையில் கம்பிகள் நீளும். அது உலகத்துக்கே தெரிந்த விஷயம். யாரும் அதற்கு மேல் கிளறியிருக்கமாட்டார்கள். ஆனால் ஸ்கோர், ஓட்டு என்று இருந்த அந்தப் பரபரப்பில் கண்ட்ரோலர் ரப்பரை மறந்துவிட்டார். மறுநாள் அந்தத் தாள் மேலே போனது. நாகலேரிக்கு முன்னால் எக்ஸ்பிரஸின் படுத்த கோடு. அதற்கு நேர் மேலே, அதே பென்சிலில், பதினொரு ஆட்டக்காரர்களின் பெயர்கள். மூன்றாம் எண்ணுக்கு எதிரே மட்டும் கேள்விக்குறி.

மூன்று வாரம் கழித்து விசாரணை. கோட்ட அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு நீளப் பெஞ்சு. ஒல்லியான, குள்ளமான ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி. கையில் நீளக் குடை. நான் அரைமணி நேரம் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவர் பியூனிடம், "தண்ணி எங்கங்க இருக்குது?" என்று கேட்டார்.

அந்தக் குரலுக்கு நான் ஆறடி உயரமும் அகன்ற தோளும் கொடுத்து வைத்திருந்தேன்.

"நாகலேரி?" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். சிரித்துவிட்டார். "கரட்டூரா! நீங்க குண்டா இருப்பீங்கன்னு இல்ல நெனச்சேன். அந்த அதட்டலுக்கு இந்த உடம்பா?"

இருவரும் சிரித்தோம். முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசிப் பழக்கமில்லை. சற்று நேரத்தில் அவர் எழுந்து குடையை மட்டையாகப் பிடித்தார்.

"பாருங்க. போன்ல சொன்னா உங்களுக்கு ஏறாது. அவரு கால் இப்படிப் போகுது." காலைக் குறுக்கே வைத்தார். "தலை இங்க விழுது. பந்து உள்ள வந்தா தடுக்க வழியில்ல. இப்ப, கொஞ்சம் நேரா வெச்சா?" வைத்தார். குடை நேராக இறங்கி, கற்பனைப் பந்தின் மேல் மெதுவாக நின்றது. அழகாக இருந்தது. போனில் இத்தனை நாள் சண்டைபோட்ட விஷயத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன்.

பியூன் அதட்டினார். "இது என்னங்க ஆபீசா, கிரவுண்டா?"

அன்வர் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "பொய் சொல்லச் சொல்லலைங்க" என்றார். "உங்களுக்கு அது வராதுன்னு தெரியும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அது போதும். வூட்ல நெலம உங்களுக்குத் தெரியுமில்ல."

"சரிங்க" என்றேன்.

விசாரணை அதிகாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தாதவர். மேஜையில் மூன்று பென்சில்கள், ஒரே நீளத்தில் சீவப்பட்டு, ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். கேள்வி கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கமாட்டார், தாளைப் பார்ப்பார். பதிலைத் தானே எழுதி, தானே வாசித்துக் காட்டி, கமாவுக்கும் சம்மதம் கேட்பார். அப்படி ஒருவரிடம் வேலை பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகள் ஆசைப்பட்டவன் நான்.

லைன் கிளியர் கொடுத்த நேரம், வண்டி என்னைக் கடந்த நேரம், பதில் மணி வந்த நேரம் என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொன்றையும் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தார். "பேச்சு நடந்ததா?" "நடந்தது சார்." "கண்ட்ரோலர், ஓட்டெடுப்பு மதிய உணவு வேளையில் முடிந்துவிட்டது என்கிறார்." "எனக்கு நேரம் நினைவில்லை சார்." அதையும் எழுதினார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கிட்டத்தட்டச் சலிப்போடு, கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"அன்றைக்கு வெயில் அதிகமா?"

இப்போது யோசித்துப் பார்த்தால், அது கேள்வியே அல்ல. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். "ஆமாம் சார்" என்ற இரண்டு சொல் போதும். கம்பி நீண்டது, கோப்பு மூடப்பட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

"ஆமாம் சார்" என்றேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். "ஆனால் கம்பி தொய்ந்து சிக்னல் விழாமல் போனால், ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவருக்கு எழுத்துமூலம் அனுமதிச் சீட்டு கொடுத்து அனுப்ப வேண்டும். பழுதுப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். நாகலேரியில் இரண்டும் நடந்ததாகத் தெரியவில்லை. பதினொரு நிமிடம் கழித்து சிக்னல் தானாக விழுந்திருக்கிறது. பழுதான கம்பி தானாகச் சரியாகாது சார்." விதியின் எண்ணையும் உட்பிரிவையும் சேர்த்துச் சொன்னேன். தேர்வில் முதலாவதாக வந்தவன் அல்லவா?

அதிகாரி முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நான் கேட்டது வெயிலைப் பற்றி" என்றார். பிறகு பக்கத்தில் இருந்த இன்னொரு கோப்பைத் திறந்து பார்த்தார். "தருமபுரி மாற்றல் பட்டியலில் நீங்கள்தான் இரண்டாவதா?"

"ஆமாம் சார்."

"சரி" என்று பென்சிலை எடுத்து, நான் சொன்னது முழுவதையும் எழுதினார். வாசித்துக் காட்டினார். கமாவுக்குச் சம்மதம் கேட்டார். கையெழுத்துப் போட்டேன்.

பட்டியலை நினைத்துக்கொண்டா சொன்னேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். சத்தியமாகத் தெரியவில்லை. விதி தெரிந்தவன் தெரிந்ததைச் சொன்னான் என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கேட்காததைச் சொல்லும் நேர்மை அவ்வளவு இருந்தவன், ஹாரன் கேட்டதையும் சொல்லியிருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்ததையும், பார்த்துவிட்டு மூன்று இன்னிங்ஸ் வாசித்ததையும் சொல்லியிருக்க வேண்டும். அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

வெளியே வந்தபோது அன்வர் எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். குரலை மட்டும் கேட்டுப் பழகியவருக்கு முகத்தைப் படிக்க அவ்வளவு சீக்கிரம் வந்திருக்கக்கூடாது.

அன்வரின் பெயர் மூன்றாண்டுகளுக்கு மாற்றல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கண்ட்ரோலருக்கு எச்சரிக்கைக் கடிதம். வேறு பிரிவுக்குப் போனார். ஐந்தாவது டெஸ்ட்டுக்கு அசல் தேர்வாளர்கள் மூன்றாம் நம்பரை எடுத்துவிட்டு என் இடது கைப் பையனைச் சேர்த்தார்கள். என் கணிப்பு ஒருமுறையாவது பலித்தது. அதைச் சொல்ல ரிசீவரை எடுத்தேன். லைனில் யாரோ இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். "கரட்டூர்" என்றேன். டக் என்று ஒரு ரிசீவர் வைக்கப்பட்டது. பிறகு இன்னொன்று. புதிய கண்ட்ரோலர், "கரட்டூர், வண்டி ஏதாவது உண்டா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப வைங்க."

எனக்கு மாற்றல் உத்தரவு வந்து, பதில் ஆள் வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அன்வரும் நானும் தினமும் பேசினோம். பேசாமல் வண்டி ஓட்ட முடியாது. லைன் கிளியர் கேட்பேன், கொடுப்பார். நேரம் சொல்வேன், திருப்பிச் சொல்வார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். விதியில் என்ன சொற்கள் உண்டோ அவை மட்டும் வந்தன. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. நாற்பது வண்டிக்கு நாற்பது முறை. அப்படி ஒரு பணிமுறையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ஒருமுறை, மதிய பாசஞ்சருக்குப் பிறகு, "வூட்ல இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"பாசஞ்சர் ரெண்டு பன்னெண்டுக்குக் கடந்தது" என்றார்.

கடைசி நாள் வந்தது. பொறுப்பை ஒப்படைத்து, சாவிகளைக் கொடுத்து, பதிவேடுகளில் கையெழுத்துப் போட்டேன். மாலை எக்ஸ்பிரஸுக்கு மட்டும் நானே லைன் கிளியர் கேட்கிறேன் என்று புதியவரிடம் சொன்னேன். அவர் வெளியே போய்க் கொடியோடு நின்றார். வண்டி கடந்தது. மணி அடித்தேன். பதில் மணி வந்தது. ரிசீவரை எடுத்தேன்.

"நாகலேரி, நாளையிலிருந்து நான் இங்க இல்லைங்க. தருமபுரி போறேன்."

அவர் பக்கத்தில் யாரோ தண்ணீர்ப் பானையை மூடும் சத்தம் கேட்டது. ரிசீவரை வைத்துவிடவில்லை.

"எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்குப் போச்சு, கரட்டூர்?" என்றார்.

"அஞ்சு நாப்பத்தி நாலு."

"அஞ்சு நாப்பத்தி நாலு" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தார். நான் பதிவேட்டில் நேரத்தை எழுதினேன்.